துளையும் துப்பாக்கியும்

நான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே துப்பாக்கி, உலகத்திலேயே மோசமான கைத்துப்பாக்கி என்று பெயர் எடுத்த ஒன்று. ஜப்பான் ராணுவத்தின் டைப் 94. டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஏலத்தில் எடுத்தேன். பதினோரு மாதம் என் பெயரில் இருந்தது. அதை வைத்து ஒரு தகரடப்பாவைக்கூடச் சுட்டதில்லை, தோட்டாவே வாங்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது கைமாற்றிவிட்டு வந்துவிட்டேன்.

"இவ்வளவு தூரம் போய் அதை எதுக்குப்பா வாங்குன?" என்று அப்பா கேட்டார். அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

1

எங்கள் ஊர் ஆவுடையார்கோவில். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் வழியில் இருக்கிறது. பழைய பெயர் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் கதையால் ஊரை எல்லோருக்கும் தெரியும். ஆத்மநாதர் சன்னதியில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். நந்தி கிடையாது, கொடிமரம் கிடையாது. சாமிக்குப் புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் படைப்பார்கள். ஆவியாக எழுவதுதான் நைவேத்தியம். உருவமே இல்லாத சாமிக்கு ஆவி போதும்.

சாமிக்கு அடுத்தபடியாக ஊரின் பெருமை கொடுங்கை. மண்டபத்தின் ஓரத்தில் வெளியே வளைந்து இறங்கும் கல் தாழ்வாரம். கல் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மரச்சட்டம், குறுக்குக் கம்பி, கம்பியை இறுக்கும் குமிழ் ஆணி என்று தச்சன் செய்கிற எல்லாவற்றையும் சிற்பி கல்லிலேயே செய்து வைத்திருக்கிறான். தாரமங்கலத்துத் தூண், திருவலஞ்சுழிப் பலகணி, ஆவுடையார்கோவில் கொடுங்கை, இவை நீங்கலாக எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். என் வேலையில் இதை 'அவுட் ஆஃப் ஸ்கோப்' என்போம்.

அந்தக் கொடுங்கையில் துளை இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தானாம். இது கல்லே இல்லை, மரம்தான் என்றானாம். கல்தான் துரை என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுப் பார்த்தானாம். கல் பொடிந்து விழுந்த பிறகுதான் நம்பினானாம். ஊருக்கு வரும் சொந்தக்காரர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போனால் இந்தக் கதையைச் சொல்லாமல் திரும்பி வர முடியாது. சின்ன வயதில் நான் குறைந்தது முப்பது பேருக்குச் சொல்லியிருப்பேன்.

சொல்லிச் சொல்லி ஒரு கேள்வி வளர்ந்தது. துரை யார்? எந்த வருஷம்? எந்தத் துப்பாக்கி? கதையில் துரைக்குப் பெயர் கிடையாது. துளைக்கு மேலே நாமும் அண்ணாந்து பார்க்கிறோம், துப்பாக்கி எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அது இங்கிலாந்தில் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும், அல்லது ஏதாவது ஏலத்தில் விற்றுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இன்ஜினியரிங் படிக்கும்போதே ஏல நிறுவனங்களின் பழைய கேட்டலாக்குகளை இணையத்தில் மேய ஆரம்பித்தது இப்படித்தான். சுடுவதில் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. ஒரு பொருள் கைமாறிக் கைமாறி வரும்போது அதனுடன் என்னென்ன கதைகள் வருகின்றன, எவை வழியில் உதிர்ந்துவிடுகின்றன என்பதில்தான் ஆர்வம்.

2

டைப் 94ஐ வடிவமைத்தவர் நம்பு கிஜிரோ. 1869ல் பிறந்தவர். ஜப்பான் ராணுவத்தின் கைத்துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் பெரும்பாலும் அவர் பெயரில்தான் அறியப்படுகின்றன. 1924ல் ராணுவத்தில் ஓய்வு பெற்று, 1927ல் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார். ஜப்பான் அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அப்போதிருந்த டைப் 14 பெரிசு, கனம். அதனால் பலர் வெளிநாட்டு பிரவுனிங்கை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னதாக, மலிவாக, உள்நாட்டில் ஒன்று வேண்டும் என்பதற்காக வந்ததுதான் இது. ஜப்பானின் அரச ஆண்டுக்கணக்கில் 2594ல், அதாவது 1934ல் ஏற்கப்பட்டதால் 94. எட்டு மில்லிமீட்டர் தோட்டா, ஆறு ரவை. அதிகாரிகளோடு டாங்கி ஓட்டுபவர்களும் விமானிகளும் வைத்திருந்தார்கள். 1945 வரை சுமார் 71,000 தயாரானது.

இதன் கெட்ட பெயருக்குக் காரணம் இடது பக்கத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட கைத்துப்பாக்கிகளில் சுத்தியலைப் பிடித்து நிறுத்தி வைக்க ஒரு கொக்கி இருக்கும், சியர் என்பார்கள். விசையை இழுத்தால் கொக்கி விலகும், சுத்தியல் அடிக்கும், குண்டு போகும். பெரும்பாலான துப்பாக்கிகளில் விசைக்கும் கொக்கிக்கும் நடுவிலுள்ள இணைப்பு உடம்புக்குள் ஒளிந்திருக்கும். டைப் 94ல் அந்த இணைப்புத் தகடு வெளியே, விரல் படும் இடத்தில் நீளமாகத் தெரிகிறது. சுடத் தயாராக இருக்கும்போது, சேஃப்டி போடாமல் இருந்தால், அந்தத் தகட்டின் முன்பகுதியை அழுத்தினாலே போதும். விசையைத் தொடவே வேண்டாம், வெடித்துவிடும். பிரைவேட்டாக இருக்க வேண்டிய ஃபங்ஷனைப் பப்ளிக்காக வைத்துவிட்ட மாதிரி. கோட் ரிவ்யூவில் யாராவது பிடித்திருக்க வேண்டும்.

அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்குத் 'தற்கொலைத் துப்பாக்கி' என்று பெயர் வைத்தார்கள். கூடவே ஒரு கதையும் கட்டினார்கள். சரணடையும் ஜப்பான் அதிகாரி துப்பாக்கியை நீட்டிக் கொடுப்பது போல வந்து, தகட்டை அழுத்தி எதிரே நிற்பவனைச் சுட்டுவிடுவான் என்று. கேட்டலாக்குகளில் இது இன்றும் வருகிறது. யாரை, எங்கே, எப்போது சுட்டான் என்பது மட்டும் வருவதில்லை. எங்கள் ஊர்த் துரை கதை மாதிரியே.

நியாயமாகப் பார்த்தால் இவ்வளவு வசவு இதற்குத் தகாது. சேஃப்டி போட்டிருந்தால் தகடு அசையாது. போருக்கு முன்பு செய்தவை நேர்த்தியாகவே இருக்கின்றன. 1944, 1945ல் ஜப்பானில் நல்ல இரும்பு இல்லை, கைதேர்ந்த தொழிலாளி இல்லை, தலைக்கு மேல் அமெரிக்க விமானங்கள். அப்போது செய்தவற்றில் அரத்தின் கோடுகள்கூட அப்படியே தெரியும். பிடிக்கு பேக்லைட்டுக்குப் பதில் ஒரு துண்டுப் பலகை. தோற்றவனின் கடைசி மாதத்துச் சரக்கை வைத்து ஜெயித்தவன் எழுதிய விமர்சனம்தான் உலகம் முழுக்கப் பரவியது. துப்பாக்கியின் பெயரை முடிவு செய்ததெல்லாம் அதைக் கையில் பிடித்தவர்கள், அல்லது பிடுங்கிக்கொண்டவர்கள். அந்தக் குழாய்க்கு எதிரே நின்றவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார்.

3

என் ஐயாவின் அண்ணன். நாங்கள் பெரியய்யா என்போம். நான் பார்த்ததில்லை, என் அப்பாவும் பார்த்ததில்லை. ஐயாவுக்கு அப்போது பத்து வயது. 1936ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பெரியய்யா மலாயா போனார். ஒரு கங்காணி வந்து சேர்த்துக்கொண்டு போனதாக அப்பத்தா சொல்லும். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே ரஜூலா மாதிரியான கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டு வருஷம் கழித்து, 1938ல், தோட்டக் கூலிகளை ஆள்சேர்த்து அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. பெரியய்யா அதற்கு முன்பே போய்விட்டார். பேராக்கில் ரப்பர் தோட்டம். வருஷத்துக்கு இரண்டு தடவை மணியார்டர் வரும். 1941 தீபாவளிக்கு வந்ததுதான் கடைசி.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அதே ஆண்டில் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆரம்பித்தது. காடு, மலை, ஆறு என்று 415 கிலோமீட்டர். பர்மாவில் சண்டை போடும் படைக்குச் சாமான் போக வேண்டும், கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகள். முதலில் போர்க்கைதிகளை இறக்கினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள் 60,000 பேருக்கு மேல். அது போதவில்லை. 1943 ஏப்ரலிலிருந்து மலாயாத் தோட்டங்களில் பெரிய அளவில் ஆள்பிடிக்க ஆரம்பித்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு உண்டு என்று சொன்னார்கள். ரப்பர் விலைபோகாமல் தோட்டங்கள் பசியில் கிடந்த நேரம். சிலர் தாங்களாகப் போனார்கள். பிறகு ஆள் குறைந்தபோது, இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்துக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியதும் நடந்தது.

மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 75,000 அளவில் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பகுதி தமிழர்கள். போர்க்கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்துச் சனத்திடம் எதுவும் இல்லை. 1943 மே மாதம் மழையோடு காலரா இறங்கியது. கூடாரம் கூடாரமாகச் செத்தார்கள். அக்டோபர் 17ல் இரண்டு பக்கத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தபோது, போர்க்கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளின் கணக்கு எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று ஆளுக்கு ஆள் மாறும். ஒரு ஆயிரம் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் உறுத்தாத கணக்கு.

பெரியய்யா இருந்த தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் 1946ல் மணமேல்குடிப் பக்கம் வந்து சேர்ந்தார். ஐயாவும் கொள்ளுத்தாத்தாவும் வண்டி கட்டிப் போய் அவரைப் பார்த்தார்கள். சயாம் ரயிலில் ஏறினதைப் பார்த்தேன், இறங்கினதைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னாராம். இவ்வளவுதான் எங்கள் குடும்பத்தின் மொத்த ஆவணம். காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

சாவு தேதி தெரியாதவர்களுக்குத் திதி கிடையாது. அதனால் பெரியய்யாவுக்குத் தை அமாவாசையில்தான் படையல். முன்னோர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு இலை. அதற்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு இலை. "அவரு தனியா கெடந்தாருல்ல, இங்கயாவது தனியா ஒண்ணு இருக்கட்டும்" என்று அப்பத்தா ஆரம்பித்து வைத்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஐயா வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் மாட்டியிருந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் சயாம் ரயிலுக்குப் போவதிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தவர்கள். பெரியய்யாவைக் கொண்டுபோன அதே ஜப்பான்தான் நேதாஜிக்குத் தோள் கொடுத்த ஜப்பான். ஐயா இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு எண்பது வயது வரை வாழ்ந்தார். ஒருநாளும் இது எப்படி என்று அவரிடம் நான் கேட்டதில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்தபோது, இது எங்கள் வீட்டுச் சிக்கல் மட்டுமல்ல என்று புரிந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' கைக்கு வந்தது அதற்குப் பிறகு. அதை ஐயா இருக்கும்போதே படித்திருக்கலாம்.

4

2019ல் டெக்சாஸில் என்னுடன் வேலை பார்த்த ஒருவர் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர். ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர், பொறுமைசாலி. பக்கத்து ஊரில் ஏலம், முந்தின நாள் பொருட்களைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள், வருகிறாயா என்றார். நான் வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது என்றும் சொன்னார். என்னைப் போல வேலை விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஒரு விலக்கு உண்டு, வேட்டை உரிமம் இருந்தால் வைத்திருக்கலாம். ஆன்லைனில் பணம் கட்டினேன், உரிமம் வந்தது. கோழிகூட அடித்துப் பழக்கமில்லாத நான் டெக்சாஸ் மாநிலத்தின் அங்கீகரிக்கப்பட்ட வேட்டைக்காரன் ஆனேன்.

கண்ணாடிப் பெட்டிகளில் பெரிய பெரிய பெயர்கள். கோல்ட், லூகர், வால்தர். விலை என் சம்பளத்துக்கு எட்டாது. ஒரு ஓரத்தில் டைப் 94. உலகின் மோசமான ராணுவக் கைத்துப்பாக்கி என்று கேட்டலாக்கிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள். சேகரிப்பாளர்கள் உலகத்தில் கெட்ட பெயரும் ஒரு விலைதான். சுமாரான துப்பாக்கியை யாரும் தேட மாட்டார்கள், மிக மோசமானதைத் தேடுவார்கள்.

கையில் எடுத்தேன். சுமார் முக்கால் கிலோ. பிடி சின்னது, என் கைக்கே சின்னது. ஊழியர் அது காலி என்று திறந்து காட்டினார். பின்பக்கம் வலதில் சின்ன எழுத்தில் 18.5 என்று பொறித்திருந்தது. ஷோவா 18ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம் என்று நண்பர் சொன்னார். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு. 1943 மே.

தகட்டை அழுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஊழியர் சுத்தியலை ஏற்றிக் கொடுத்தார். சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, விசையைத் தொடாமல், பெருவிரலால் தகட்டை அழுத்தினேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. டக். அவ்வளவு சின்னச் சத்தம். நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் துப்பாக்கிக்கு ஒரு சீட்டும் உண்டு. போர் முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய் எதிரியின் ஆயுதத்தை நினைவுப்பொருளாகக் கொண்டுபோக மேலதிகாரி கையெழுத்துப் போட்டுத் தரும் அனுமதிச் சீட்டு. சிப்பாயின் பெயர், எண், படைப்பிரிவு, கீழே 'பிஸ்டல், ஜப்பானியம், 1'. பிலிப்பைன்ஸ், லூசான் தீவு, 1945 செப்டம்பர். சீட்டு இருந்தால் விலை கணிசமாக ஏறும்.

இரவு அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். செய்யப்பட்ட துப்பாக்கிகள் சுமார் 71,000. மலாயாவிலிருந்து ரயில் பாதைக்குப் போனவர்கள் சுமார் 75,000. கிட்டத்தட்ட ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் இருக்கிறது, செய்த மாதம் இருக்கிறது. எந்த மாதம் எந்த எண் வரை தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று அமெரிக்காவில் ஓய்வு பெற்ற மனிதர்கள் பல வருஷங்களாக அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு எண் விட்டுப்போனால் வருத்தப்படுகிறார்கள். துப்பாக்கிக்குப் பிறந்த மாதம் தெரிகிறது. பெரியய்யாவுக்கு இறந்த மாதம் தெரியவில்லை.

ஊரில் துளை இருக்கிறது, துப்பாக்கி இல்லை. இங்கே துப்பாக்கி இருக்கிறது, துளை இல்லை.

மறுநாள் ஏலத்தில் கையைத் தூக்கினேன். என்னோடு போட்டி போட்டவர் ஒருவர்தான், அவரும் சீக்கிரம் விட்டுவிட்டார். ஏல நிறுவனத்தின் கமிஷனையும் சேர்த்து, என் ஒரு மாத வாடகையைவிடக் கொஞ்சம் குறைவு. படிவம் நிரப்பி, வேட்டை உரிமத்தைக் காட்டி, பின்னணிச் சோதனை முடிந்து, அட்டைப் பெட்டியில் கொடுத்தார்கள். பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி, பெட்டியை எடுத்துப் பின்னால் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மறுபடி கிளம்பினேன்.

5

ஆயுதம் வாங்கப் போன கதைகளில் எங்கள் ஊர்க் கதைதான் தமிழில் மிகப் பிரபலம். அரிமர்த்தன பாண்டியன் தன் மந்திரி வாதவூரரிடம் கஜானாப் பணத்தைக் கொடுத்து, துறைமுகத்தில் குதிரை வந்திருக்கிறது, வாங்கி வா என்று அனுப்புகிறான். வாதவூரர் திருப்பெருந்துறையில் குருவைப் பார்க்கிறார், பணம் முழுவதையும் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். குதிரை எங்கே என்று மன்னன் கேட்கும்போது சிவன் நரிகளைக் குதிரையாக்கி ஓட்டிக்கொண்டு போகிறான். ராத்திரியில் அவை மறுபடி நரியாகி, லாயத்திலிருந்த நிஜக் குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடுகின்றன. கோயில் மண்டபத்தில் பல நாட்டுக் குதிரைகள் சிற்பமாக நிற்பது இதனால்தான்.

புராணத்தை விட்டுவிட்டு வரலாற்றைப் பார்த்தாலும் பாண்டியர்களின் குதிரை வியாபாரம் வேடிக்கையானது. அந்தக் காலத்தில் குதிரைதான் இறக்குமதி ஆயுதம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போவதையும் எழுதுகிறார். லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் மறுபடி விற்கலாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். கப்பலில் வரும் வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானா விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கஜானாவில் செத்த குதிரைக்கும் கணக்கு இருந்தது. அந்தக் குதிரைகளில் ஏறிப்போய்ச் செத்தவர்களுக்கு இருந்ததா?

எனக்கு இந்தக் கதை ஞாபகம் வந்தது, ஊருக்குத் திரும்ப முடிவு செய்த நாளில். துப்பாக்கியை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் எனக்கு உரிமம் தர ஒரு காரணமும் இல்லை. நண்பர் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அவர் ஒரு அட்டை வைத்திருக்கிறார். செய்தவர், வரிசை எண், மாதம், யாரிடமிருந்து யாரிடம் வந்தது, கடைசியில் 'குறிப்பு' என்று நான்கு வரி இடம். பெரியய்யாவைப் பற்றி அவருக்குத் தெரியும். "உன் குடும்பத்துக் கதையை அதில் எழுது, அடுத்து வாங்குபவன் படிக்கட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

இரண்டு நாள் யோசித்தேன். எழுத ஆசையாகத்தான் இருந்தது. எழுபத்தைந்தாயிரம் பேரில் ஒருவராவது ஏதோ ஒரு அட்டையில் ஏறுவார். ஆனால் இந்தத் துப்பாக்கி லூசானில் பிடிபட்டது. சயாமுக்குப் போனதற்கு ஒரு சான்றும் இல்லை. பெரியய்யாவின் கதையை இதன் கீழே எழுதினால், பத்து வருஷத்தில் இது 'மரண ரயில் பாதையில் ஒரு ஜப்பான் அதிகாரி வைத்திருந்த துப்பாக்கி' ஆகிவிடும். இருபது வருஷத்தில் அந்த அதிகாரிக்கு ஒரு பெயரும் கிடைத்துவிடும். விலையும் ஏறும். நரி பரியாவது இப்படித்தான், யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் கொஞ்சம் ஆசைப்பட்டால் போதும். ராத்திரியில் அது நரியாகும்போது, சயாம் ரயிலைப் பற்றி உண்மையாக இருக்கும் சொற்ப ஆவணங்களையும் சேர்த்துக் கடித்துவிடும். இந்த ஊர்க்காரனே அதைச் செய்யக் கூடாது.

கடைசியில் மூன்று வரி எழுதினேன். 'வாங்கியவர் இதை வாங்கிய காரணம்: இது செய்யப்பட்ட மாதம் 1943 மே. அந்த மாதத்தில் அவருடைய தாத்தாவின் அண்ணன் சயாம் பர்மா ரயில் பாதையில் இருந்திருக்கலாம், இறந்திருக்கலாம், குடும்பத்திடம் தேதி இல்லை. இந்தத் துப்பாக்கிக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை.'

நண்பர் படித்துவிட்டு, "தொடர்பு இல்லை என்று யாராவது எழுதுவார்களா?" என்றார். பிறகு அட்டையை அப்படியே உறையில் போட்டுவிட்டார்.

6

சயாமில் போர்க்கைதிகளின் கல்லறைகள் இன்று அழகாக இருக்கின்றன. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 6,982 பேர். கைதிகள் முகாமிலேயே ரகசியமாகக் குறிப்பு எழுதி, யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று வைத்திருந்தார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த சில வாரத்தில், ஒரு குழு ரயில் பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடிப் பதிவு செய்தது. குறிப்பு வைத்திருந்தவர்களுக்குக் கல் கிடைத்தது. 1957ல் வெளிவந்த, குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய புகழ்பெற்ற படத்தை இலங்கையில் கித்துல்கலவில் எடுத்தார்கள். அங்கிருந்து நாலு மலை தாண்டினால் தமிழர்களின் தேயிலைத் தோட்டம். ஆனால் படத்தின் கதையில் தோட்டத் தமிழர் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு மலேசியத் தமிழர்கள் முயன்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். நடுகல் என்றுதான் அதற்குப் பெயர். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் வயல் வரப்பில் நிற்கிற அதே சொல். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்டதை, ரயில் பாதை போடப் போய்ச் செத்தவர்களுக்கு நட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தபின், தை அமாவாசைக்கு முந்தின நாள் அப்பாவோடு கோயிலுக்குப் போனேன். கொடுங்கைக்குக் கீழே ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. ஒரு பையன் போனைத் தூக்கி ஜூம் செய்து துளையைப் படம் எடுத்தான். "யாருப்பா சுட்டது?" என்று அவன் அப்பாவைக் கேட்டான்.

"வெள்ளக்காரந்தான்."

"எந்த வெள்ளக்காரன்?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. முப்பது பேருக்குச் சொன்ன கதையை முப்பத்தோராவது ஆளுக்குச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் படையலுக்கு அம்மா இலை போடும்போது, பெரியய்யாவின் சின்ன இலைக்கு முன்னால் உட்கார்ந்து, டெக்சாஸ் துப்பாக்கியைப் பற்றி அப்பாவிடம் முழுசாகச் சொன்னேன். 18.5 என்ற எண்ணை, தகட்டை அழுத்தியதை, அட்டையில் எழுதியதை. அப்பா சாம்பிராணித் தட்டை ஊதிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, மே மாசம்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்க முடியாதுப்பா. அது துப்பாக்கியோட மாசம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, அமாவாசையே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சின்ன இலையில் இன்னொரு கரண்டி சோறு வைக்கச் சொன்னார். புழுங்கலரிசிச் சோறு. ஆவி எழுந்தது.